ஜெர்மன் கூட்டுச்சொற்களில் வழுக்கும் இடங்கள்

ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் கிடைக்கும் சந்தோஷம் அதன் கூட்டுச்சொற்கள்தான். கையுறைக்கு 'ஹாண்ட்ஷூ', அதாவது கைக்குப் போடும் ஷூ. ஆமைக்கு 'ஷில்ட்க்ரோட்டெ', கேடயம் சுமக்கும் தேரை. ஓடில்லாத நத்தை 'நக்ட்ஷ்னெக்கெ', அம்மண நத்தை. சிரிக்க வைத்த சொல் லேசில் மறக்காது என்பதால் இந்த விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சில தப்பான பழக்கங்களும் இங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன.

பெரிய தவறு, துண்டுகளைக் கூட்டினால் பொருள் தானாக வந்துவிடும் என்று நம்புவது. 'மேர்ஷ்வைன்ஷென்' என்பதைப் பிரித்தால் கடல், குட்டிப் பன்றி. உண்மையில் அது வீட்டில் வளர்க்கும் கினிப் பன்றி. கடலும் இல்லை, பன்றியும் இல்லை. மண்ணைத் தோண்டி வாழும் அகழெலிக்கு 'மவுல்வூர்ஃப்' என்று பெயர். இன்றைய ஜெர்மனில் 'மவுல்' என்றால் விலங்கின் வாய், 'வூர்ஃப்' என்றால் எறிதல். வாயால் எறியும் பிராணி போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவோம். பழைய வடிவத்தில் முன்பாதி மண்ணைக் குறித்தது. அந்தச் சொல் வழக்கொழிந்ததும், பழகிய 'மவுல்' அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தொங்கும் பாய் என்று பொருள்படும் 'ஹெங்கெமாட்டெ'யும் (இரு முனையிலும் கட்டித் தொங்கவிடும் ஊஞ்சல் படுக்கை) இப்படித்தான்: கரீபியன் தீவுகளின் சொல் ஒன்று ஐரோப்பியர் காதுக்கு ஏற்ப உருமாறியது. ஆகவே தாராளமாக ஊகியுங்கள், அப்புறம் டூடன் அகராதியை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அடுத்தது பால். கை 'டீ ஹாண்ட்', பெண்பால். அதனால் கையுறையும் 'டீ' என்று சொல்லிவிடுகிறார்கள். கடைசித் துண்டுதான் பாலை முடிவு செய்யும்: 'டேர் ஷூ' ஆண்பால், எனவே 'டேர் ஹாண்ட்ஷூ'. இது தெரிந்தால் எவ்வளவு சுமை குறைகிறது பாருங்கள். 'ட்ஸாய்க்' என்றால் சாமான். பறக்கும் சாமான் விமானம், நெருப்புச் சாமான் லைட்டர், விளையாட்டுச் சாமான் பொம்மை. மூன்றுக்கும் 'டாஸ்'தான், அதாவது ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால்.

நடுவில் வரும் எழுத்தை விழுங்குவதும் வேண்டாம். 'லாண்ட்மான்' விவசாயி, 'லாண்ட்ஸ்மான்' நம் நாட்டுக்காரர். பனையும் காயும் சேர்ந்து பனங்காய் ஆகும் மொழியில் வளர்ந்த நமக்கு இது பிடிபடாத சங்கதி அல்ல.

அழுத்தத்தையும் கவனியுங்கள். 'உம்ஃபாரென்' என்பதில் 'உம்'மை அழுத்தினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது. 'ஃபா'வை அழுத்தினால் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவது. எழுத்து ஒன்றே, பொருள் நேரெதிர்.

கடைசியாக, இணையத்தில் சுற்றும் விசித்திரச் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். மாட்டிறைச்சி லேபிள் பற்றிய 63 எழுத்துச் சட்டப்பெயர் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சட்டமே 2013இல் ரத்தாகிவிட்டது. அதைவிட 'குடல்முடல்' உதவும். நம் கன்னாபின்னாவைப் போல எதுகை போட்டு ஒலிக்கும் இந்தச் சொல்லுக்குக் குழப்படி என்று அர்த்தம். 'ஃபையர்ஆபென்ட்' இன்னும் முக்கியம். பிரித்தால் கொண்டாட்ட மாலை. புழக்கத்தில் அன்றைய வேலை முடிந்த நேரம். மாலைக்கு மட்டும் உரிய சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் 2 மணிக்குக் கிளம்புகிறவரிடமும் 'ஷோனென் ஃபையர்ஆபென்ட்' என்று சொல்லித்தான் வழியனுப்புவார்கள்.