பழைய மோசின் ரைஃபிளில் போல்ட் இறுகுகிறதா?

சோவியத் மோசின்-நாகாந்த் 91/30 ரைஃபிளில் பத்து ரவுண்டு சுட்டதும் போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் கைப்பிடியுள்ள பகுதி) இறுகினால் துப்பாக்கியைத் திட்டாதீர்கள். கிடங்கில் பூசிய கிரீஸ்தான் பெரும்பாலும் தோட்டா அறையில் காய்ந்து கிடக்கும். சூடானதும் பிசின்போல ஒட்டும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பித்தளை பிரஷால் அறையைத் தேயுங்கள். துடைக்கும் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது.

அப்புறம் குழல் வாய். முன்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைத்ததில் தேய்ந்திருந்தால் குண்டுகள் சிதறும். அதைச் சரிசெய்வது அனுபவசாலி கைவேலை, நீங்கள் தொட வேண்டாம்.

இன்னும் குறி அலைகிறதா? ஃபின்லாந்துக்காரர்கள் செய்ததுபோல ரிசீவருக்கும் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) மரக்கட்டைக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு வைத்துப் பாருங்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுட்ட அன்றே வெந்நீரில் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். அந்தத் தோட்டா குழலில் விட்டுப்போகும், துருப்பிடிக்க வைக்கும் உப்பு வெறும் எண்ணெயில் கரையாது.