லிமாவிலிருந்து ஒரே நாளில் கடற்சிங்கமும் மணற்குன்றும்: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

பெரு என்றாலே எல்லோரும் மச்சு பிச்சுவுக்குத்தான் திட்டம் போடுகிறார்கள். போகும்போதோ வரும்போதோ தலைநகர் லிமாவில் ஒரு நாள் மிஞ்சும். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு காலையில் பென்குயின், மாலையில் பாலைவனம் என்று பார்த்துவிட்டு இரவுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். லிமாவுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டரில் பராகாஸ் கடற்கரை. அங்கிருந்து இன்னும் 75 கிலோமீட்டர் போனால் இகா நகரம், அதை ஒட்டி வாகாச்சினா என்ற பாலைவனச் சோலை. மச்சு பிச்சுவுக்குப் போகும் வழியிலுள்ள கூஸ்கோ மாதிரி உயரமான ஊர் எதுவும் இங்கே வழியில் இல்லை, அதனால் மூச்சு முட்டும், தலை சுற்றும் என்ற பயம் வேண்டாம். ஆனால் நாள் நீளம். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு வண்டி ஏறினால் திரும்பி வர இரவு பத்து பதினொன்றாகிவிடும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: அட்டவணை போடுவது காற்று

ஏன் இத்தனை அதிகாலையில் கிளப்புகிறார்கள் என்று வண்டியில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். பராகாஸில் காலையில் கடல் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும், சில நாட்களில் மணலையே வாரி இறைக்கும். அதனால் பென்குயின்கள் வாழும் பயெஸ்தாஸ் தீவுகளுக்குப் படகு போவது பெரும்பாலும் முற்பகலில்தான். பாலைவனம் நேர் எதிர். உச்சி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது, சாயங்காலம்தான் சுகம். ஆகக் காலையில் கடல், மாலையில் மணல் என்ற வரிசையை மாற்றவே முடியாது. வரிசை மாறிய பயணத்தை யாராவது மலிவாகக் கொடுத்தால், ஏதோ ஒன்றை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதே கடல்தான் அந்தப் பாலைவனத்தையும் உண்டாக்கியது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கி ஹம்போல்ட் நீரோட்டம் என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நெத்திலி வகை மீன்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, மீனைத் தின்னப் பறவைகளும் கடற்சிங்கங்களும் வருகின்றன. அதே குளிர்நீர் அதன்மேல் உள்ள காற்றையும் குளிரவைத்துவிடுவதால் அது மேலெழும்பி மழை மேகமாவதில்லை. பனிமூட்டத்தோடு நின்றுவிடுகிறது. கரை முழுக்க வறண்டு கிடப்பதற்கு முக்கியமான காரணம் அதுதான். இது தெரிந்தால் காலையும் மாலையும் இரண்டு தனித்தனிச் சுற்றுலாவாகத் தோன்றாது.

படி 1: பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

ஒரே பயணத்தைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. விலை வித்தியாசத்துக்குக் காரணம் சின்ன எழுத்தில்தான் இருக்கும். பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

- மணற்குன்றுகளில் ஏறி இறங்கும் மணல் வண்டி எத்தனை மணிக்கு? நாலு மணிக்கு மேல் என்றால் சரி. மதியம் ஒரு மணி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.
- படகுத்துறைக் கட்டணம், தீவுக் காப்பகக் கட்டணம், மணற்குன்று நுழைவுக் கட்டணம் எல்லாம் விலையில் அடக்கமா? பெரும்பாலும் அடக்கம் இருக்காது, அந்தந்த இடத்தில் ரொக்கமாகக் கேட்பார்கள்.
- கடல் சரியில்லை என்று துறைமுகத்தை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அலையோ மூடுபனியோ அதிகமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள், அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது. பல நிறுவனங்கள் அப்போது பராகாஸ் தேசியக் காப்பகத்தைத் தரைவழியே சுற்றிக் காட்டும். அது மோசமான மாற்று இல்லை. ஆனால் பென்குயினுக்காகவே வந்தவருக்குப் பணம் திரும்புமா என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பெரிய பேருந்தா, சிறிய வேனா? என் ஓட்டு வேனுக்கு. பேருந்தில் கால் நீட்டலாம், கழிவறை இருக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாற்பது பேர் இறங்கி ஏற வேண்டும். நீண்ட நாளில் அந்தக் காத்திருப்புதான் ஆளைக் களைப்பாக்கும். முதுகு வலியோ முழங்கால் வலியோ இருந்தால் மட்டும் பேருந்தையே எடுங்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே கோடை. வானம் தெளிவாக இருக்கும், ஜனவரி பிப்ரவரியில் கடற்சிங்கக் குட்டிகளைப் பார்க்கலாம். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். லிமாக்காரர்கள் தெற்குக் கடற்கரைகளுக்குப் போய்விட்டு மொத்தமாகத் திரும்பும் நாள் அது. வழியில் அவர்கள் குவியும் ஓர் ஊரின் பெயரே ஆசியா! அதைத் தாண்டவே நேரம் பிடிக்கும்.

படி 2: முந்தின நாள் பை

காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கோடையிலும் வேண்டும், படகில் குளிரும். கயிறு கட்டிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், சின்ன நோட்டுகளாகவும் காசாகவும் கொஞ்சம் பெரு சோல். நெடுஞ்சாலைக் கழிவறைகளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். போனுக்கும் கேமராவுக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை அவசியம். அந்த மணல் மாவு போல, எங்கும் புகும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

குமட்டல் மாத்திரை உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமானால், படகு ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை.

படி 3: வண்டியில் தூங்குங்கள்

லிமாவிலிருந்து பராகாஸுக்கு மூன்றரை முதல் நாலு மணி நேரம். பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையில் இருட்டும் மூடுபனியும்தான் தெரியும். தூங்குவது நல்லது. காலையில் எழுந்து பார்த்தால் வெறும் பழுப்பு நிலம், நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும் இடங்களில் மட்டும் திடீரென்று பச்சை.

படி 4: தீவுப் படகு

பராகாஸின் எல் சாக்கோ படகுத்துறையிலிருந்து பயெஸ்தாஸ் தீவுகளுக்குப் போய்வர சுமார் இரண்டு மணி நேரம். திறந்த விரைவுப் படகு. கழிவறை கிடையாது, தீவில் இறங்கவும் அனுமதியில்லை. அதனால் துறையிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

இடது பக்கம் உட்காருங்கள். போகும் வழியில் தீபகற்பத்தின் மணற்சரிவில் 'கந்தெலாப்ரோ' என்ற மாபெரும் கோட்டுருவம் இடப்பக்கம்தான் வரும். கிளைவிட்ட விளக்குத்தண்டு போன்ற உருவம், உயரம் சுமார் 180 மீட்டர். அருகில் கிடைத்த மண்பாண்டங்கள் கி.மு. 200 வாக்கைச் சேர்ந்தவை. யார் வரைந்தார்கள், எதற்கு என்பதற்கு வழிகாட்டிகள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றையும் ரசித்துக் கேளுங்கள், எதையும் நம்ப வேண்டியதில்லை. மணலில் போட்ட கோடு இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் மழை இல்லாததுதான்.

தீவை நெருங்கும்போது கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் சேதி வரும். பாறைகள் வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பால் அல்ல, பறவை எச்சத்தால். குவானோ என்ற இந்த எச்சம் 19-ஆம் நூற்றாண்டில் பெருவின் தங்கச் சுரங்கம். மழை கரைக்காததால் மலைபோல் குவிந்து கிடந்ததை வெட்டி ஐரோப்பிய வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். வெட்டியவர்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் பட்ட பாடு கொடுமையானது. சற்று வடக்கேயுள்ள சிஞ்சா தீவுகளை இந்த எச்சத்துக்காகவே 1864-இல் ஸ்பெயின் கடற்படை கைப்பற்றியது, போரே மூண்டது. இன்றும் குவானோ எடுக்கிறார்கள், ஆனால் அரசு மேற்பார்வையில், பறவைகளுக்கு இடைவெளி விட்டு.

பார்க்க வேண்டியவை: பாறையில் கருங்கம்பளம் விரித்ததுபோல் உட்கார்ந்திருப்பவை குவானாய் நீர்க்காகங்கள். சிவந்த அலகும் வெள்ளை மீசையும் வைத்திருப்பது இன்கா ஆலா. கூழைக்கடாக்களும் பெரு பூபி என்ற கடற்பறவைகளும் தலைக்கு மேலேயே பறக்கும், தொப்பி அதற்காகவும்தான். ஹம்போல்ட் பென்குயின்கள் முக்கால் மீட்டர்கூட இருக்காது, பாறை இடுக்குகளில் நாலைந்தாக நிற்கும். வழிகாட்டி கை காட்டும் திசையை உடனே பாருங்கள், படகு அதிக நேரம் நிற்காது. கடற்சிங்கங்களைத் தேடவே வேண்டாம். 300 கிலோவுக்கும் மேல் கனமுள்ள ஆண்களின் கத்தல் குகைகளுக்குள் மோதி எதிரொலிக்கும்.

படத்தில் பார்த்த அளவுக்குப் பறவைகள் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எல் நினோ வருடங்களில் கடல் சூடாகி மீன் கூட்டம் விலகிவிடும், பறவைகள் பட்டினியால் சாகும். 2022 இறுதியில் தொடங்கிய பறவைக் காய்ச்சலில் பெருவின் கரையோரம் லட்சக்கணக்கான பறவைகளும் ஆயிரக்கணக்கான கடற்சிங்கங்களும் மாண்டன.

படி 5: சாப்பாடு, ஆனால் அளவோடு

எல் சாக்கோவில் மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சே அங்கே புத்தம்புதிதாகக் கிடைக்கும். சைவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேர வாய்ப்பு உண்டு. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம். உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றிய 'பாப்பா அ லா வாங்காயினா' காரம் பழகிய நாக்குக்குப் பிடிக்கும். மேலே வேகவைத்த முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு இகா போகும் வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நிறுத்தி, பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்தைக் குட்டிக் கோப்பைகளில் வரிசையாக நீட்டுவார்கள். அடுத்து மணலில் குலுக்கப் போகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கை நீட்டுங்கள். அங்கே உண்மையில் வாங்க வேண்டியது தேஹாஸ் என்ற இனிப்பு. பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பூரணமும் கொட்டைப் பருப்பும் உள்ளே இருக்கும்.

படி 6: மணல் வண்டி

வாகாச்சினா என்பது உயர்ந்த மணற்குன்றுகளுக்கு நடுவே ஒரு குளம், சுற்றிப் பனைமரங்கள். பெருவின் பழைய 50 சோல் நோட்டின் பின்புறம் இருந்த படம் இதுதான். இயற்கையான ஊற்று என்று சொல்லிக் காட்டினாலும், இன்று குளம் நிற்பது வெளியிலிருந்து பாய்ச்சும் தண்ணீரால். இகா பகுதி விவசாயத்துக்கு ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சியதில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. லிமா சந்தையையும் வெளிநாட்டையும் சேரும் திராட்சைக்கும் தண்ணீர்விட்டான் தண்டுக்கும் (அஸ்பாரகஸ்) அந்த நீர்தான் போகிறது.

வண்டி என்பது இரும்புக் குழாய்க் கூண்டு, பெரிய இன்ஜின், வரிசையாக இருக்கை. கர்ப்பிணிகள், முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தயவுசெய்து ஏற வேண்டாம். குளக்கரையில் உட்கார்ந்திருக்கலாம், குன்றில் நடந்தே ஏறலாம். ஏறுகிறவர்கள் தோள் பட்டையை இறுக்கிக் கட்டி, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். பட்டை சரியில்லை என்றால் அந்த இருக்கையில் உட்காராதீர்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பின்வரிசையில் தூக்கிப்போடுவது அதிகம். வேகம் தாங்கவில்லை என்றால் "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்று கத்துங்கள், மெதுவாகப் போகச் சொல்வது. போன் கையில் வேண்டாம், ஜிப் வைத்த பைக்குள் போகட்டும்.

படி 7: பலகையில் சறுக்குதல்

நடுநடுவே நிறுத்தி, ஆளுக்கொரு பலகை கொடுத்து, சரிவின் உச்சியில் நிற்கவைப்பார்கள். முதல்முறை நின்றுகொண்டு சறுக்க முயல வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பலகையின் அடியில் மெழுகு தேயுங்கள். தேய்க்காவிட்டால் பாதியில் நின்றுவிடும்.
2. தலை முன்னால் வர, குப்புறப் படுத்து முன்பக்கப் பட்டையை இறுகப் பிடியுங்கள். முழங்கைகள் பலகைக்கு மேலேயே இருக்கட்டும், மணலில் பட்டால் தோல் உரியும்.
3. கால்களை அகட்டி வையுங்கள். ஷூ நுனியை மணலில் அழுத்தினால் அதுதான் பிரேக்.
4. வாயை மூடுங்கள்.
5. கீழே நின்றதும் பலகையை எடுத்துக்கொண்டு உடனே ஓரம் போங்கள், அடுத்தவர் மேலிருந்து வந்துகொண்டிருப்பார்.

வழக்கமாகச் சின்னச் சரிவில் தொடங்கிப் பெரியதற்குக் கூட்டிப் போவார்கள். பெரிய சரிவு வேண்டாம் என்றால் வண்டியிலேயே கீழே வந்துவிடலாம். கடைசி நிறுத்தம் சூரியன் மறையும் நேரத்துக்கு இருக்கும், குளிர்காலத்தில் ஆறு மணிக்குள், கோடையில் ஆறரையைத் தாண்டி. மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கும், காலையில் போட்ட மேல்சட்டையை வண்டியில் விட்டுவிடாதீர்கள்.

படி 8: திரும்புதல்

இகாவிலிருந்து லிமாவுக்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பலர் நிறுத்த மாட்டார்கள், கையில் ஏதாவது வாங்கி வைத்திருங்கள். ஹோட்டல் வாசலில் இறக்குவார்களா, இல்லை லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதிச் சதுக்கத்தில் இறக்கிவிடுவார்களா என்று ஏறும்போதே கேட்டுக்கொண்டால், நள்ளிரவு நெருங்கும்போது டாக்சி தேட வேண்டியிருக்காது. மறுநாள் அதிகாலை கூஸ்கோ விமானம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியத்துக்கு மேல் போடுங்கள்.

இரண்டு நாள் கையில் இருக்கிறது, குழந்தைகளோ பெரியவர்களோ கூட வருகிறார்கள் என்றால் இந்த ஒருநாள் திட்டத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் பேருந்தில் பராகாஸ் போய், மதியம் தேசியக் காப்பகத்தையும் அங்குள்ள செம்மணல் கரையையும் பாருங்கள். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் முதல் படகில் தீவு, மதியம் இகா, மாலை மணல் என்று வைத்துக்கொண்டால் அதிகாலை நாலு மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.