ஏசி அறையில் குடுவைச் செடி: ஈரப்பதம் குறையாமல் காப்பது எப்படி?

சென்னையில், குடுவை போன்ற இலைகளில் பூச்சிகளைப் பிடிக்கும் நெபந்தஸ் என்ற குடுவைச் செடிக்கு ஈரம் போதாமல் போவது வெளியே அல்ல, வீட்டுக்குள்தான். பால்கனியில் 70 சதவீதம் காட்டும் ஈரப்பதமானி, ஏசி ஓடும் படுக்கையறையில் 45-க்கு இறங்கிவிடும். காற்றைக் குளிர்விக்கும்போதே ஏசி அதிலுள்ள நீரையும் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது.

நான் வளர்ப்பவை இரண்டு. ஒன்று, நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பினம். இன்னொன்று, மேகாலய மலைகளின் நெபந்தஸ் காசியானா. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெபந்தஸ் இனம் இதுதான். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் செடி என்பதால், நர்சரியிலேயே வளர்த்ததுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ஈரப்பதமானியைச் சுவரில் மாட்டாமல் இலைக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த இரண்டு செடிகளுக்கும் 50 முதல் 60 சதவீதம் நிலையாக இருந்தால் போதும். பகலில் 80, இரவில் 40 என்று ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கருவி இல்லாவிட்டாலும் செடி சொல்லிவிடும். இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி ஒரு கம்பியாக நீளும். கம்பியின் முனையில் மெல்லிய ரோமம் படர்ந்த ஒரு சிறு மொக்கு இருக்கும். அதுதான் வருங்காலக் குடுவை. ஈரம் போதுமானால் அது மேல்நோக்கி வளைந்து, பருத்து, கடைசியில் மூடி திறக்கும். போதாவிட்டால் எரிந்த தீக்குச்சித் தலை மாதிரி கருகி நின்றுவிடும். கருகிய மொக்கு மீளாது, அடுத்த இலையைத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தெளிப்பதை நான் நம்புவதில்லை. சில நிமிடங்களில் அந்த ஈரம் பறந்துவிடும். இரவில் குருத்தில் தேங்கினால் பூஞ்சைதான் மிச்சம். தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைப்பதாலும் பெரிய மாற்றம் தெரியாது.

உண்மையில் வேலை செய்வது பாதி மூடிய இடம். பழைய மீன் தொட்டி ஒன்று போதும். அடியில் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டி அந்தத் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும்; வேர் நீரில் ஊறினால் அழுகும். மேலே கண்ணாடியை வைத்து இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அப்புறம், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறு விசிறி ஒன்றை, காற்று இலைமேல் நேராக அடிக்காதபடி மாட்டுங்கள். காற்று அசையாத ஈரம் செடிக்கு ஆகாது. தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் உள்ளே செடி வெந்துவிடும். எல்இடி விளக்குதான் பாதுகாப்பு.

செடி தொட்டிக்குள் அடங்கவில்லையென்றால் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹியூமிடிஃபையர் வாங்கலாம். அதில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் வெள்ளைத் தூளாக இலைமேல் படியும். மழைநீர் அல்லது ஆர்ஓ நீர்தான் சரி, சட்டிக்கும் அதேதான். மழை இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுகிறேன். அதில் உப்பு மிகக் குறைவு.

புதுச்செடி நர்சரியின் ஈரமான கூடாரத்திலிருந்து வருகிறது. வந்ததும் ஒரு பெரிய பாலிதீன் பையால் மூடி, இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். வழியில் குடுவைகள் கவிழ்ந்து காலியாகியிருந்தால் கால்வாசி நிறையும்வரை சுத்தமான நீர் விடலாம். பழைய குடுவைகள் காய்ந்தால் பயப்பட வேண்டாம். புது இலையின் மொக்கு பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று அடிக்கும்போது, நண்பகலில் வெளியேயும் ஈரம் விழுந்துவிடும். கடற்காற்று வரும்வரை ஜன்னலைச் சாத்தியே வையுங்கள்.

60 சதவீதத்தில் இரண்டு மூன்று புது இலைகள் வந்தும் குடுவை பிடிக்கவில்லையா? அப்போது குறை ஈரத்தில் இல்லை, வெளிச்சத்தில். ஈரத்தை மேலும் ஏற்றாமல், தொட்டிக்கு வெளியே இருக்கும் செடியைக் கிழக்கு ஜன்னலுக்கு நகர்த்துங்கள்; தொட்டிக்குள் இருந்தால் எல்இடி வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.