லைசென்ஸ் கிடைத்தாயிற்று, எந்தக் கைத்துப்பாக்கி வாங்குவது?

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் நகைக்கடை, லெபோ அம்பாங் பக்கம் பணமாற்றுத் தொழில் என்று தங்கமும் ரொக்கமும் புழங்கும் இடத்தில் இருப்பவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் நம் மலேசியாவில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்து, துப்பாக்கியை இதுவரை சினிமாவில் மட்டுமே பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் லைசென்ஸைப் படியுங்கள்

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குரியது, குடும்பத்துக்குரியது அல்ல. தனி அனுமதி இல்லாமல் அண்ணனின் துப்பாக்கியைத் தம்பி இடுப்பில் செருகிக்கொண்டு வங்கிக்குப் போக முடியாது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. அதனால் லைசென்ஸில் என்ன ஆயுதம், என்ன நிபந்தனை என்று எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் உங்கள் தேர்வு.

படி 2: கையில் பிடித்துப் பாருங்கள்

படம் பார்த்து வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கடைக்காரர் கொடுத்ததும் முதல் வேலை: குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேகசினைக் (கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை) கழற்றி, ஸ்லைடைப் (குழலை மூடியிருக்கும் மேல்பாகத்தை) பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. அவர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே போகட்டும். குழலும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் இயல்பாகப் படிய வேண்டும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்குப் பெரியது. சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் தொங்கினால் சுடும்போது பிடி ஆடும், அது சின்னது. ஸ்லைடை இழுக்க முடியவில்லையா? உடனே ‘எனக்குப் பலம் போதாது’ என்று ஒதுக்காதீர்கள். இடது உள்ளங்கையால் ஸ்லைடின் மேற்புறத்தைக் கெட்டியாகப் பிடித்து, வலது கையால் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள். பலருக்கு இப்படி வந்துவிடும்.

படி 3: அளவு

தோட்டா 9 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். உலகெங்கும் போலீஸார் அதிகம் பயன்படுத்துவது அதுதான். க்ளாக் 19 நடுத்தர அளவு: 15 தோட்டா, சுமார் 10 செ.மீ. குழல். க்ளாக் 26 அதைவிடக் குட்டி, 10 தோட்டா. 2018இல் வந்த சிக் சாவர் பி365 இன்னும் ஒல்லி, அதிலும் 10 தோட்டா, காலியாக அரைக் கிலோதான் எடை. ஸ்மித் அண்ட் வெஸனின் சின்ன ரிவால்வர்களில் 5 தோட்டா.

ரொம்பச் சின்னதாக எடுத்தால் ஒளிப்பது சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சரிதான், ஆனால் சுடுவது கஷ்டம். அதே தோட்டா, எடை குறைந்த துப்பாக்கி என்றால் கையை உதறும் உதை கூடும். துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் குறிபார்க்க உள்ள முனைகளுக்கு இடையே தூரம் குறைவதால் சின்னக் கோணல்கூட இலக்கில் பெரிய விலகலாகும். முதல் துப்பாக்கிக்கு என் ஓட்டு நடுத்தர அளவுக்குத்தான். சின்னது பழகியவர் கைக்கு.

படி 4: உறையும் சட்டையும்

வெளியே புடைத்துத் தெரிவது குழல் அல்ல, கைப்பிடியின் அடிப்பகுதி. குழல் இடுப்புக்குக் கீழே போய்விடும், கைப்பிடிதான் சட்டையைக் குத்தி நிற்கும். அதனால் நீளத்தைவிட உயரத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் கோட் போட முடியாது. ஆனால் பாத்தேக் சட்டை இருக்கிறது! வெளியே விட்டு அணிவது, தளர்வானது, பூவும் கொடியுமாக இருப்பதால் புடைப்பைக் கண் பிடிக்காது. வெள்ளைப் பாலியெஸ்டர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் அம்பலம்.

உறை ட்ரிகரை முழுவதும் மூடும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். தொளதொள துணி உறையில் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிப்பு ட்ரிகருக்குள் போய் வெடித்துவிடலாம். உறை இல்லாமல் பாக்கெட்டிலோ கைப்பையிலோ போடுவது கூடவே கூடாது. பெல்ட்டும் தடிமனாக வேண்டும். எல்லாம் மாட்டிக்கொண்டு, காலித் துப்பாக்கியோடு வீட்டு நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் சீட் பெல்ட்டோடு உட்காரப் போவது நீங்கள்தான். வயிற்றைக் குத்தினால் உறையின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

படி 5: பராமரிப்பு

வியர்வையில் உப்பு, காற்றில் ஈரம். இரும்புக்கு இரண்டும் ஆகாது. தினமும் துடைத்து, ஸ்லைடில் லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

படி 6: எடுத்துப் போகாத நாளுக்கும் இடம்

கோவிலுக்கு, மது பரிமாறும் விருந்துக்குப் போகும்போது துப்பாக்கி வேண்டாம். காரில் விட்டுவிட்டு இறங்குவதும் வேண்டாம், கண்ணாடியை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும், சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். அந்தப் பெட்டியின் விலையையும் துப்பாக்கிச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.