ஐந்து ஏக்கர் மைதானத்தில் லட்சம் பேர் நிற்க முடியுமா?

மேடையில் மைக் பிடித்தவர் "லட்சம் பேர் திரண்டிருக்கிறீர்கள்" என்கிறார். மைதானம் ஐந்து ஏக்கர். கைதட்டல் அடங்குவதற்குள் இதைச் சரிபார்த்துவிடலாம்.

1960களில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டங்களைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். தளர்வாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை, மூச்சுமுட்ட நின்றால் இரண்டரை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி; ஐந்து ஏக்கர், ஏறத்தாழ 2,18,000. இதை இரண்டரையால் வகுத்தாலும் 87,000தான் வருகிறது. ஆக, மூலைமுடுக்கெல்லாம் மூச்சுமுட்ட நின்றாலும் லட்சத்தை எட்டாது.

இங்கேயே பலர் முதல் தவறைச் செய்வார்கள்: முன்வரிசை நெரிசலை மைதானம் முழுவதற்கும் வைத்துக்கொள்வது. பின்னால் போய்ப் பாருங்கள், வேர்க்கடலை கொறித்தபடி காலாற நடப்பார்கள். மேடைக்கும் தடுப்புகளுக்கும் ஓர் ஏக்கர் கழியுங்கள். மிச்சத்தில் முன்னால் ஓர் ஏக்கர் மூச்சுமுட்ட, நடுவில் ஓர் ஏக்கர் நெருக்கமாக, பின்னால் இரண்டு ஏக்கர் தளர்வாக என்றால் சுமார் 36,000 பேர். லட்சம் எங்கே, இது எங்கே!

அடுத்த தவறு, எண்களை முழுமையாக்குவதில் (ரவுண்ட் செய்வதில்). பரப்பை அடர்த்தியால் பெருக்கினால் மக்கள்தொகை வரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர், மக்கள்தொகை 7.21 கோடி. 1,30,000 × 550 போட்டால் 7.15 கோடி, கிட்டத்தட்ட சரி. மனக்கணக்குக்கு வசதி என்று 1,50,000 × 600 போட்டால் 9 கோடி! இரண்டு எண்ணையும் ஒரே பக்கம் தள்ளினால் பிழையும் பெருகும். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள்.

மாநிலச் சராசரியை ஊருக்கு மாட்டுவது இன்னும் மோசம். அன்றைய சென்னை மாவட்டம் 175 சதுர கிலோமீட்டர். 555 ஆல் பெருக்கினால் ஒரு லட்சம்கூட வராது. இருந்தவர்களோ 46 லட்சம். அதேபோல் சென்னையின் அடர்த்தி 26,500, நீலகிரியினுடையது 290 என்று இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 13,400 என்பார்கள். இரண்டு மாவட்ட மக்களையும் மொத்தமாகக் கூட்டி மொத்தப் பரப்பால் வகுத்தால் 2,000கூட வராது. நீலகிரியின் பரப்பு அவ்வளவு பெரிது.

அலகிலும் கவனம் வேண்டும். மீட்டருக்கு 3.28 அடி என்பது சரி, சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி. 20,000 சதுர மீட்டரை 3.28 ஆல் பெருக்கினால் மூன்றில் இரண்டு பங்குக் கூட்டம் காணாமல் போகும்.

கடைசியாக, மேலே சொன்ன மைதானக் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டால் 35,816 என்று காட்டும். அந்தப் பதினாறு பேரை யாரும் எண்ணவில்லை. '30 முதல் 40 ஆயிரம் வரை' என்று எழுதுங்கள்.