மெல்லிய குட்டை முடிக்கு டிரையர் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

டிரையர் போடுவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை நீளமான, தடித்த முடியை மனதில் வைத்துச் சொன்னவை. முக்கால்வாசி காயும்வரை சும்மா ஊதுங்கள், அப்புறம் பிரஷை எடுங்கள், நல்ல பெரிய ரவுண்ட் பிரஷாக வாங்குங்கள், கடைசியில் சீரம் தடவுங்கள் என்று போகும். காது வரைக்குமே நீளும் மெல்லிய முடியில் இதை அப்படியே செய்து பாருங்கள். உச்சி படிந்துவிடும், பிடரி துருத்திக்கொண்டு நிற்கும். கை சரியாக வரவில்லை என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் செய்யும் வரிசையில் இருக்கிறது.

மெல்லிய முடி என்று இங்கே சொல்வது ஒவ்வோர் இழையும் சன்னமாக இருப்பதை. தலையில் முடி நெருக்கமாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்பது வேறு கணக்கு. உதிர்ந்த ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். கையில் ஏதோ இருப்பதே தெரியவில்லை என்றால் உங்களுடையது மெல்லிய ரகம்.

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. தண்ணீர் பட்டால் இவை விட்டுவிடும். ஈரம் வெளியேறும்போது, அந்த நேரத்தில் முடி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். டிரையரால் முடிக்கு உருவம் கொடுக்க முடிவதே இதனால்தான். ஆக, உருவம் நிற்பது கடைசி ஈரம் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில். நீளமான தடித்த முடிக்கு அந்த நேரம் சாவகாசமாக வரும். குட்டையான மெல்லிய முடி சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். நாம் பிரஷைத் தேடி எடுப்பதற்குள் நெற்றியோர முடி தன் இஷ்டத்துக்கு வளைந்து முடித்திருக்கும்.

தாமதமாகத் தொடங்குவது

மற்ற எல்லாத் தவறுகளையும் விட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். குளித்துவிட்டு வந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உடை மாற்றி, போனைப் பார்த்து, அப்புறம் டிரையரை எடுப்பது. துண்டுக்குள்ளே முடி எந்தப் பக்கம் மடங்கியிருந்ததோ அந்தப் பக்கமாகவே வேர் பாதி காய்ந்திருக்கும். பிறகு அதன் மேல் எவ்வளவு சூடு காட்டினாலும் நுனி மட்டும்தான் வளையும், வேர் அசையாது.

தலையைத் துவட்டியதும் தொடங்கிவிடுங்கள். முடி சொட்டக்கூடாது, தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்க வேண்டும். துவட்டும்போது பரபரவென்று தேய்க்காதீர்கள். நனைந்த முடி இழுத்தால் நீண்டு, எளிதில் அறுந்துபோகும். மெல்லிய இழைக்குத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. பழைய பருத்தி டி-ஷர்ட்டாலோ மெத்தென்ற துண்டாலோ அழுத்தி ஒற்றி எடுத்தால் போதும்.

முதலில் எதைக் காயவைப்பது? அடங்காத இடத்தை. பெரும்பாலானவர்களுக்கு அது நெற்றியோரம், அல்லது உச்சியில் சுழி இருக்கும் இடம். பிடரியிலிருந்து மேலே ஏறி வரும் சலூன் வரிசையைப் பார்த்துச் செய்தால், முன்பக்கம் வந்து சேரும்போது அது காய்ந்துபோயிருக்கும். சலூனில் நடுநடுவே தண்ணீர் தெளித்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. வீட்டிலும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துவிட்ட இடத்தில் சூட்டைக் கூட்டுவதற்குப் பதில் வேரை நனைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நெற்றியில் சுழி இருந்தால் முடியை ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்து ஊதாதீர்கள். விரல்களாலோ தட்டைப் பிரஷாலோ வேரை இடப்பக்கம் தள்ளி ஊதுங்கள், வலப்பக்கம் தள்ளி ஊதுங்கள், இப்படி மாறி மாறி. இரண்டு பக்கமும் இழுபட்ட வேர் எந்தப் பக்கமும் சாயாமல் காயும். அதற்குப் பிறகு சீவுகிற பக்கம் அது போகும்.

வகிடு எடுத்துவிட்டு ஊதுவது

வழக்கமான வகிட்டை ஈரத்திலேயே எடுத்துவிட்டு ஊதினால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் முடி மண்டையோடு ஒட்டிக் காயும். மெல்லிய முடியில் தோல் பளிச்சென்று தெரியும். வகிட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் சீவி வேரைக் காயவைத்துவிட்டு, பிறகு பழைய பக்கம் திருப்பிப் போட்டால் வேரில் ஒரு தூக்கல் கிடைக்கும்.

குனிந்து தலையைக் கவிழ்த்துப் போட்டு ஊதும் பழக்கமும் நீளமான முடிக்காரர்களிடமிருந்து வந்ததுதான். தோள் தாண்டிய முடிக்கு நல்ல பலன் தரும். குட்டை முடியில் பிடரியும் காதோரமும் வெளிப்பக்கமாக நிமிர்ந்து காய்ந்துவிடும். அந்த இடங்களில் நமக்கு வேண்டியது படிவு. டிரையரை மேலிருந்து கீழே பார்த்துப் பிடித்து, உள்ளங்கையாலோ தட்டைப் பிரஷாலோ அணைத்துக்கொண்டே காயவையுங்கள்.

நாசிலைக் கழற்றி அலமாரியில் வைப்பது

பெட்டியில் டிரையரோடு ஒரு தட்டையான மூக்கு வரும், அதுதான் நாசில். பலர் அதை மாட்டுவதே இல்லை. அது இல்லாவிட்டால் காற்று எல்லாப் பக்கமும் சிதறும். சன்னமான குட்டை முடி கண்டபடி பறந்து, பறந்த நிலையிலேயே காய்ந்து முடிந்துவிடும். நாசிலை மாட்டுங்கள். காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிப் போகட்டும். முடியின் மேற்பரப்பில் இருக்கும் செதில்கள் நுனியைப் பார்த்தே அடுக்கியிருக்கின்றன. அந்தத் திசையில் காற்று போனால் அவை படியும், பளபளப்பு வரும். எதிர்த்திசையில் ஊதினால் முடி பரட்டையாகும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வில் டிரையரை வெவ்வேறு தூரத்தில் வைத்துச் சோதித்தார்கள். 15 செ.மீ. தூரத்தில் முடியின் மேல் சூடு 47 டிகிரி செல்சியஸ். 10 செ.மீ.யில் 61. 5 செ.மீ.க்கு வந்தபோது 95. சூடு ஏற ஏற மேற்பரப்புச் சேதமும் ஏறியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. டிரையரே காட்டாமல் தானாகக் காயவிட்ட முடியில், மேற்பரப்பு நன்றாக இருந்தாலும் உள்ளே செல்களைப் பிணைக்கும் படலத்தில் சேதம் இருந்தது. முடி நெடுநேரம் ஈரத்திலேயே ஊறியிருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 15 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஊதுவதே மேல் என்று முடித்தார்கள். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய முடிக்கு நடுத்தரச் சூடும் நடுத்தரக் காற்றும் போதும். டிரையர் எத்தனை வாட் என்று பார்த்து வாங்குவதை விட, சூட்டையும் காற்றையும் தனித்தனியாகக் குறைக்க முடிகிறதா, குளிர்காற்றுப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரஷ், உச்சி, அந்தப் பத்து நொடி

ரவுண்ட் பிரஷை முடி ஒன்றரைச் சுற்றாவது சுற்ற வேண்டும். அப்போதுதான் பிடிப்பு இருக்கும். பெரிய பிரஷில் குட்டை முடி நுனியோடு நின்று வழுக்கிவிடும். உச்சியில் சுமார் பத்து செ.மீ. நீளம் இருந்தால் சுமார் 2 செ.மீ. விட்டமுள்ள சின்ன பிரஷ் போதும். அதைவிடக் குட்டை என்றால் பிரஷே வேண்டாம், விரல்கள் போதும். பெரிதாக வாங்கினால் பெரிதாகத் தூக்கும் என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

உச்சியை எடுத்துக்கொள்வோம். பிரஷின் அகலத்தைத் தாண்டாத ஒரு பட்டை முடியைப் பிரியுங்கள். வேர் இன்னும் ஈரமாக இருக்கட்டும். பிரஷை முடிக்கு அடியில், மண்டையைத் தொடும்படி வைத்து நேர் மேலே, கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துத் தூக்குங்கள். முடி விறைப்பாக நிற்க வேண்டும், வலிக்கக்கூடாது. டிரையரை வேரைப் பார்த்துப் பிடித்து, அங்கிருந்து நுனிவரை இரண்டு மூன்று முறை நகர்த்துங்கள். வேர் காய்ந்ததும் நுனியைப் பிரஷில் சுருட்டி வேர்வரை கொண்டுவந்து இன்னும் சில நொடி ஊதுங்கள். இப்போது பிரஷை உருவத் தோன்றும். உருவாதீர்கள். குளிர்காற்றுப் பட்டனை அழுத்தி, பத்து வரை எண்ணுங்கள். கையால் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு பிரஷை இழுக்காமல், சுருட்டிய திசைக்கு எதிராகச் சுழற்றி எடுங்கள்.

சூடாக இருக்கும் முடி வளைந்து கொடுக்கும், ஆறிய பிறகுதான் உருவம் நிற்கும். சூட்டோடு விட்டால் மெல்லிய முடி தன் கனத்திலேயே படிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று உடனே விரல்விட்டுக் கோதிப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும். ஐந்து நிமிடம் கையை எடுத்துவிடுங்கள்.

வலக்கைக்காரர்களுக்குத் தலையின் வலப்பக்கம் நன்றாக வரும், இடப்பக்கம் சொதப்பும். கையைக் குறுக்கே கொண்டுபோய் ஊதும்போது காற்று நுனியிலிருந்து வேருக்குத் திரும்பிவிடுவதுதான் காரணம். அந்தப் பக்கத்துக்குப் பிரஷையும் டிரையரையும் கை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கோணலாகத்தான் வரும். டிரையரை ஆன் செய்யாமல் கண்ணாடி முன் அந்த அசைவை மட்டும் சில முறை செய்து பழகினால் கை சீக்கிரம் பிடிபடும். கஷ்டமான பக்கத்தை முதலில் முடிப்பதும் நல்லது, ஈரம் இருக்கும், பொறுமையும் இருக்கும்.

பூசுவதில்

கண்டிஷனர் நுனிக்கு மட்டும். வேரில் பட்டால் அன்றைக்கு உச்சி எழும்பாது. மூஸ் என்ற முடி நுரை ஒரு சின்ன எலுமிச்சை அளவு, ஈர முடியின் வேரில் விரல்களால் பரப்புங்கள். வெப்பத்திலிருந்து காக்கும் ஸ்ப்ரேயில் எண்ணெய் ரகத்தைத் தவிர்த்து, தண்ணீர் போன்ற லேசான ரகத்தை எடுங்கள். சீரம் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, மிச்சம் இருப்பதை நுனியில் மட்டும் தொடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு பொருளைப் பூசினால், ஊதித் தூக்கியதையெல்லாம் அவற்றின் கனமே இறக்கிவிடும்.

ஆவி நிறைந்த குளியலறையில் நின்று ஊதாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் அப்போதுதான் பிடித்த பிணைப்புகளை மறுபடி தளர்த்தும். தண்ணீர் இருக்கும் இடத்தில் மின்கருவி ஆபத்து என்பது தனி. ஸ்ட்ரெய்ட்னர் வைத்திருப்பவர்கள், முடி முழுக்கக் காய்ந்த பிறகே அதைத் தொடுங்கள். ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி இழைக்குள் குமிழி உண்டாக்கும். அந்த இடத்தில் முடி முறியும், பிறகு சரியாகாது.

மறுநாள் காலை முழுத் தலையையும் நனைக்க வேண்டியதில்லை. படிந்த இடத்தின் வேரை மட்டும் தண்ணீர் தெளித்து, விரலால் தூக்கி ஊதினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரே இடம் தினமும் தொல்லை கொடுத்தால் முடி வெட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். முடி மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாக வளரும். நீளமான முடியில் அது தெரியாது. குட்டை முடியில் இரண்டு மாத வளர்ச்சி வெட்டின் உருவத்தையே மாற்றிவிடும். அடுத்த முறை வெட்டிக்கொள்ளும்போது நுனியை அதிகம் மெலிய வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டி முடித்ததும் ஒரு பக்கத்தை நானே ஊதிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் கை எந்த இடத்தில் தவறாகத் திரும்புகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.