லங்காதிலகப் பாறையில் தமிழ் பார்க்கப் போகிறவர்களுக்கு

கண்டிக்கு வருகிற நம் ஆட்கள் தலதா மாளிகையையும் வாவியையும் சுற்றிவிட்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிடுவார்கள். கம்பளையில் பிறந்த நானே நாற்பது வயது வரை அப்படித்தான். கம்பளை ஒரு காலத்தில் ராசதானி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தோடு நின்றுபோயிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் சிங்கள மன்னர்களின் தலைநகர் பாதுகாப்புத் தேடி மலைக்குள் ஏறி வந்தது. மதில் வேலையை மலைகளே பார்த்துக்கொண்டன. அந்த நூற்றாண்டின் மூன்று கோயில்கள் எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய. ஒரே நாளில் நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

எம்பெக்கவில் தொடங்குங்கள். கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும், காரணம் பிறகு சொல்கிறேன். அது கதிர்காமத் தெய்வத்தின் கோயில், அதாவது நம் முருகன்தான். என் அம்மாயி செருப்பைக் கழற்றியதும் "முருகா" என்று கையெடுத்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேளமடிக்கும் மண்டபத்து மரத்தூண்களில் மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், இரட்டைத் தலைக் கழுகு. அதோடு திரும்பிவிடாமல் அண்ணாந்து கூரையையும் பாருங்கள். 26 கைமரங்கள் வந்து ஒரே ஒரு மரக்கட்டையில் கூடுகின்றன. கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

அங்கிருந்து லங்காதிலகவுக்கு வயல் ஓரமாக நடை. மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொள்ளுங்கள். முழங்கால் முடியாதவர்கள் ஆட்டோ பிடிக்கலாம்.

லங்காதிலக ஒரு மொட்டைப் பாறையின் மேல் நிற்கிறது. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். மேலே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் போனோம். அம்மாயி பாறையில் பாதி தூரம் ஓடினார், எழுபத்தைந்து வயதில்! அதனால்தான் காலையிலேயே கிளம்பச் சொன்னேன். முன்பக்கம் புத்தர், அவருக்குப் பின்னால் சுற்றிவர விபீஷணன், பிள்ளையார், கந்தன் என்று தெய்வங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்பி எடுக்காதீர்கள்.

பிறகு கல்வெட்டு. 1344ஐ ஒட்டிய காலத்தில் கோயிலுக்கு விட்ட நிலபுலன்களைச் சிங்களத்திலும் தமிழிலும் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே இருப்பவரிடம் "செல்லிப்பிய கொஹேத தியென்னே?" (கல்வெட்டு எங்கே இருக்கிறது?) என்று சிங்களத்தில் கேளுங்கள். நேராகப் பார்த்தால் வெறும் கீறலாகத்தான் தெரியும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். புள்ளி வைக்காத எழுத்து, நடுவே கிரந்தம் வேறு. அதனால் வாக்கியமாகப் படிக்க முயன்று சோர்ந்துபோக வேண்டாம். எனக்கு முதலில் பிடிபட்டது ஒரு 'க', பிறகு ஒரு 'ம'. அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூட முழுதாக வரவில்லை. எழும்பி வரவும் மனமில்லை. சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுபோனால் படியிறங்கிய பிறகு சாப்பிடுங்கள். மேலே கூடாது.

கடைசியாகக் கடலாதெனிய. அது கருங்கல் கோயில். கட்டியவர் கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கோயில் மாதிரியேதான் இருக்கும். பக்கத்தில் ஒரு பெரிய தூபி, சுற்றி நாலு சின்னத் தூபி, எல்லாம் கூரைக்குக் கீழே.

ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் காசு கேட்கலாம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. கடலாதெனியவிலிருந்து இறங்கினால் பிலிமத்தலாவ, கண்டி பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வழியில் பித்தளைக் கடைகள் உண்டு. நான் ஒருமுறை இந்தப் பக்கமிருந்து தொடங்கி, ஆசைப்பட்டு ஒரு குத்துவிளக்கு வாங்கி, அதையும் தோளில் போட்டுக்கொண்டு லங்காதிலகப் படி ஏறினேன்.